மழை மாசம், மறதி மாசம்: டாக்டரம்மா பதில்கள்

போன இதழ்ல போற போக்குல ஒரு வரி எழுதிட்டேன், "வாடைக்காத்து ஆரம்பிச்சா எனக்கே காலைல எந்திரிக்க மனசு வராது"ன்னு. அவ்ளோதான், மண்டபத்துல இருந்து சாயல்குடி வரைக்கும் கடிதமா வந்து குவிஞ்சிருச்சு. சோகமா இருக்கு, அழுகையா வருதுன்னு எழுதினவங்க கம்மி, "மறந்து மறந்து போகுது, மூளையே ஓட மாட்டேங்குது"ன்னு எழுதினவங்க தான் ஜாஸ்தி. அதனால சுகர், மூட்டு வலி கேள்வி எல்லாத்தையும் அடுத்த இதழுக்கு தள்ளி வச்சிட்டு இந்தத் தடவ இத மட்டும் எடுத்துக்கறேன், மூட்டு வலிக்காரங்க கோச்சுக்காதீங்க.

கேள்வி: டாக்டரம்மா, எனக்கு வயசு 38. வீட்டுக்காரர் நாட்டுப்படகுல போறவரு. மூணு வருசமா கவனிக்கிறேன், ஐப்பசி கடைசில மழை புடிச்சதும் எனக்கு என்னமோ ஆயிருது. உடம்பு கல்லு மாதிரி கனக்குது, எவ்ளோ தூங்கினாலும் தூக்கம் தூக்கமா வருது, சோறும் இனிப்பும் அள்ளி அள்ளி திங்கிறேன். அது கூட பரவால்ல, மறதி தான் தாங்க முடியல. குழம்புக்கு ரெண்டு தடவ உப்பு போட்டுட்டேன். மகளிர் குழு கணக்கு நாந்தான் எழுதுறது, ஒருத்தி கட்டுன 500 ரூவாய எழுதாம விட்டு தெருவே கூடுற மாதிரி சண்டை. தை பொறந்தா தானா சரியாயிருது. இது பைத்தியத்துக்கு ஆரம்பமா?
(பாம்பன் வாசகி)

பதில்: கடைசி கேள்விக்கு முதல்ல பதில் சொல்லிடறேன். இல்லம்மா. நீங்க ரெண்டு பக்கத்துக்கு எழுதியிருக்கீங்க, எந்தத் தேதில யாரு எவ்ளோ கட்டுனாங்கங்கறது வரைக்கும் (அத இங்க போடல, இன்னொரு சண்டை வேண்டாம்), ஞாபகம் போனவங்க எழுதுற கடிதமா இது?

உப்ப எடுத்துக்கோங்க. கை உப்புச் சட்டிக்கு போகுது, அந்த நேரம் மனசு எங்க இருக்கு? "புயல் கூண்டு ஏத்திட்டாங்களாமே, இந்த வாரமும் படகு கரையில தான், தவணைக்கு என்ன பண்றது"ன்னு அங்க ஓடிக்கிட்டு இருக்கு. ஒரு விசயம் ஞாபகத்துல நிக்கணும்னா முதல்ல அது மேல கவனம் விழணும், அப்புறம் தான் மூளை அத பதியும், பதிஞ்சத ராத்திரி தூக்கத்துல கெட்டிப்படுத்தும். மனச்சோர்வு முதல்ல கை வைக்கிறதே இந்தக் கவனத்துல தான். ஆக உப்பு போட்டது உங்களுக்கு மறந்து போகல, அது உள்ளயே போகல. உள்ள போகாதத எவ்ளோ தேடினாலும் எப்படி கிடைக்கும், நீங்க தேடிப் பாத்துட்டு "அய்யோ மறதி"ன்னு பயப்படுறீங்க, அந்தப் பயம் மிச்சம் இருக்குற கவனத்தையும் தின்னுருது.

குழு கணக்கு வேற வகை. ஒரு விசயத்த கொஞ்ச நேரம் மனசுல தாங்கி வச்சுக்கிட்டு அது மேல வேலை பாக்குறதுன்னு ஒரு ஞாபகம் இருக்கு. இவ 500 கொடுத்தா, பழைய பாக்கி 200, வட்டி இவ்ளோ, எல்லாத்தையும் கூட்டி எழுதணும்ல, அதுக்கு இது தான் வேணும். அதுல ஒரே நேரத்துல நாலு சாமான் வைக்கிறதுக்குத் தான் இடம், படிச்சவங்க படிக்காதவங்க எல்லாருக்கும் ஏறக்குறைய அவ்ளோ தான். அதுல ரெண்டு இடத்த கவலை வந்து புடிச்சிக்கிச்சுன்னா மிச்ச ரெண்டுல தான் நீங்க கணக்கு பாக்குறீங்க, ஒரு 500 வெளிய விழத்தான் செய்யும். கூடவே யோசிக்கிற வேகமும் குறையும், எந்த சேலைய கட்டுறதுன்னு முடிவெடுக்கவே பத்து நிமிசம் ஆகும், செய்ய வேண்டிய வேலை கண்ணு முன்னாடி கெடக்கும் எங்க ஆரம்பிக்கறதுன்னு தெரியாம நிப்போம். மாமியார் இதுக்கு வைக்கிற பேரு சோம்பேறித்தனம். எங்க வீட்லயும் அதே பேரு தான்.

இன்னொரு கூத்தும் நடக்கும். 1986-ல இங்கிலாந்துல வில்லியம்ஸ், பிராட்பென்ட்னு ரெண்டு பேரு, தற்கொலைக்கு முயற்சி பண்ணி பிழைச்சவங்க கிட்ட ஒரு ஒரு வார்த்தையா சொல்லி, இதுக்கு பொருத்தமா உங்க வாழ்க்கைல நடந்த ஒரு சம்பவம் சொல்லுங்கன்னு கேட்டாங்க. மத்தவங்க "அன்னைக்கு இன்ன எடத்துல இன்னது நடந்துச்சு"ன்னு சொல்றாங்க, இவங்க மொத்தமா பொத்தாம்பொதுவா தான் சொல்ல முடிஞ்சது. அப்புறம் மனச்சோர்வு உள்ளவங்க கிட்டயும் இதே விசயத்த பல பேரு பாத்திருக்காங்க. உங்க மக சடங்குக்கு யாரு என்ன சேலைல வந்தாங்கன்னு இப்ப கேட்டா "எல்லாரும் வந்தாங்க, நல்லா இருந்துச்சு"ன்னு முடிச்சிருவீங்க, ஆனா யாரோ ஒருத்தி மூஞ்சிய திருப்பிக்கிட்டு போனது மட்டும் நேத்து நடந்த மாதிரி வந்து நிக்கும். கெட்டத எடுத்துக் குடுக்கறதுல அந்த நேரத்து மூளைக்கு ஒரு குறையும் இருக்காது.

சரி, இது வருசா வருசம் மழையோட வந்து தையோட போகுதே, அது என்ன? 1984-ல அமெரிக்காவுல நார்மன் ரோசென்தால்னு ஒரு டாக்டரும் கூட இருந்தவங்களும் குளிர்காலத்துல மட்டும் வர்ற மனச்சோர்வ பத்தி எழுதி அதுக்கு ஒரு பேரும் வச்சாங்க. பருவகால மனச்சோர்வுன்னு சொல்லிக்கலாம். நீங்க எழுதுன அதிக தூக்கம், மாவுச்சத்து இனிப்பு மேல வெறி, உடம்பு கனக்குறது, எல்லாமே அந்த வகைக்கு பேசி வச்ச மாதிரி பொருந்துது. ஆனா அங்கெல்லாம் சூரியனே கொஞ்ச நேரம் தான் எட்டிப் பாக்கும், நம்ம ஊரு பூமத்திய ரேகைல இருந்து ஒம்பது டிகிரி சொச்சம் தான் வடக்க, மார்கழிலயும் பகல் பதினொன்றரை மணி நேரத்துக்கு குறையாது, ஆனி மாசத்துப் பகலுக்கும் இதுக்கும் வித்தியாசம் ஒரு மணி நேரம் அவ்ளோதான். அப்ப சூரியன் மேல மட்டும் பழிய போட முடியாது. வெளிச்சம் குறையறது ஒரு பக்கம் இருக்கட்டும், வருமானம் நிக்குது, வீட்டுக்காரர் நாள் பூரா வீட்ல, துணி காயல, பிள்ளைகளுக்கு சளி, கடல்பாசி எடுக்கப் போற பொம்பளைங்களும் கடல்ல இறங்க முடியல. மனநோய்கள வகைப்படுத்துற அமெரிக்க டாக்டர்களோட கையேட்டுலயே ஒரு கண்டிசன் இருக்கு, அடுத்தடுத்து ரெண்டு வருசமாவது அதே காலத்துல வந்து அதே மாதிரி விலகணும், அதே நேரம் வருசா வருசம் அந்தக் காலத்துல வேலை போறது மாதிரி வெளிக்காரணம் தெளிவா இருந்தா இந்தப் பேர போடக் கூடாதுன்னு. உங்களுக்கு ரெண்டும் கலந்து தெரியுது எனக்கு. பேரு எதா இருந்தா என்ன, வைத்தியம் உண்டு.

முதல்ல ஆஸ்பத்திரில தைராய்டு, ரத்தத்துல இரும்பு, பி12 பாத்துருங்க, இதுல எது குறைஞ்சாலும் இதே மந்தம் வரும். அப்புறம் வெளிச்சம். மழை மாசத்துல ஓலை வீட்டுக்குள்ளயோ டியூப்லைட்டுக்கு கீழயோ இருக்குற வெளிச்சம் 100, 200 லக்ஸ் (வெளிச்சத்த அளக்குற அலகு) தேறினா பெரிசு, அதே நேரம் மூடாக்கா இருந்தாலும் வாசல்ல ஆயிரக்கணக்குல இருக்கும். நம்ம கண்ணு தான் ஏமாந்து ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுன்னு நினைக்குது. விடிஞ்சதும் டீயத் தூக்கிக்கிட்டு வெளிய வந்து அரை மணி நேரம், மழைன்னா தாழ்வாரத்துல உக்காருங்க, சூரியனையே மொறச்சுப் பாக்க வேண்டாம். கணக்க பொறுத்த வரைக்கும் காச வாங்கின கையோட எழுதுங்க, "பொறவு எழுதிக்கலாம்"ங்கற வார்த்தை ஐப்பசில இருந்து மார்கழி வரைக்கும் உங்க வாயில வரவே கூடாது, பக்கத்துல ஒரு பொண்ண உக்கார வச்சு சத்தமா சொல்லிக்கிட்டே எழுதுங்க. ரெண்டு வாரத்துக்கு மேல எதுலயுமே ஆசை இல்லாம இருந்தா மனநல டாக்டர பாருங்க, மாத்திரை தேவைப்பட்டா எடுத்துக்கலாம், அது பழக்கமாகி அடிமையாக்கிடும்ங்கறது வெறும் பேச்சு. டாக்டர் சொல்லாம நீங்களா நிறுத்தாம இருந்தா போதும்.

கேள்வி: மேடம், நான் ராமேஸ்வரத்துல விசைப்படகு டிரைவர். எனக்கு மழை காலத்துல ஒண்ணும் இல்ல, மீன்பிடி தடைக்காலம் தான் ஆகாது. தூக்கம் போயிருது, சாப்பாடு இறங்கல, சின்னதுக்கெல்லாம் கோவம். ஆனி மாசம் திரும்ப கடலுக்கு போறப்ப மொத ரெண்டு தங்கல்ல (கடல்லயே தங்கி மீன் புடிக்கிற நடை) கை தடுமாறுது, பத்து வருசமா போற பாதையில ஒரு நிமிசம் முழிச்சிட்டு நின்னேன். கூட வந்தவன் சிரிச்சான். எனக்கு சிரிப்பு வரல.
(தொழிலாளி வாசகர்)

பதில்: எனக்கும் வரல தம்பி.

ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள். மீன் குஞ்சு பொரிக்கட்டும்னு விட்டிருக்காங்க, அது நியாயம் தான், ஆனா அந்த 61 நாளும் மனுசன் என்ன ஆவான்னு யாரும் கேக்கறதில்ல. பருவகால மனச்சோர்வுல கோடைக்காலத்து வகைன்னு ஒண்ணு இருக்கு, அது மழைக்கால வகைக்கு அப்படியே நேர் எதிர், தூக்கம் குறையும், பசி போயிடும், எரிச்சல் படபடப்பு ஏறும். நீங்க எழுதினது அது மாதிரியே தான் இருக்கு. ஆனா மேல சொன்னேன்ல ஒரு கண்டிசன், வேலை நிக்கிறது தான் காரணம்னா அந்தப் பேரு போட மாட்டாங்கன்னு, அது உங்களுக்கு நூத்துக்கு நூறு பொருந்தும். பேரு இல்லங்கறதுக்காக நோவு இல்லன்னு ஆயிடாது, இத நான் அழுத்திச் சொல்றேன், ஏன்னா "தடைக்காலம்னா எல்லாருக்கும் தான் கஷ்டம்"னு சொல்லி உங்களையே நீங்க வாயடைச்சிக்குவீங்க.

பாதையில முழிச்சதுக்கு காரணம் பெரும்பாலும் தூக்கம். வாரக்கணக்குல அரைகுறையா தூங்கின மூளைக்கு கவனம் விட்டு விட்டு தான் எரியும், சில நொடி அணைஞ்சு திரும்ப எரியும், அந்த நொடி கரையில போனா பரவால்ல கடல்ல போனா? அதுக்கு மேல குடி. உங்க கடிதத்துல அது பத்தி ஒரு வார்த்தை இல்ல, நானா கேக்கறேன். தூக்கம் வரலன்னு ஒரு குவார்ட்டர் போட்டா கண்ணு சொருகும், ஆனா நடுராத்திரிக்கு மேல தூக்கத்த அதுவே உடைச்சிரும், பதிஞ்ச ஞாபகத்த கெட்டிப்படுத்துற வேலையும் கெட்டுப் போகும். காலைல மனசு இன்னும் இருட்டா இருக்கும். பெரிய கடன், படகுப் பங்கு விக்கிறது, சண்டைய கேஸ் ஆக்கறது, இந்த மாதிரி முடிவ எல்லாம் தடைக்காலத்துல எடுக்காதீங்க, அந்த நேரத்துல மூளை நஷ்டத்த மட்டும் தான் எண்ணிக் காட்டும். தடை முடிஞ்சு மொத தங்கல்ல இன்னொரு அனுபவஸ்தன் கூட இருக்கட்டும், ஜிபிஎஸ்ஸ பாத்து வாயால சொல்லிக்கிட்டே ஓட்டுங்க. சாகலாமான்னு ஒரு நிமிசம் தோணினா கூட 14416-க்கு போன் போடுங்க, டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி எண், ராத்திரி பகல் எந்நேரமும் தமிழ்ல பேசுவாங்க, காசு கிடையாது.

கேள்வி: அக்கா, நான் காலேஜ் ரெண்டாவது வருசம், தொண்டில இருந்து பஸ்ல போய்ட்டு வர்றேன். நவம்பர் செமஸ்டர் வந்தாலே படிச்சது ஒண்ணும் நிக்க மாட்டேங்குது. ஒரே பக்கத்த அஞ்சு தடவ படிக்கிறேன். என் மூளை அவ்ளோ தானா?

பதில்: அஞ்சு தடவ படிக்கல கண்ணு, அஞ்சு தடவ கண்ண ஓட்டியிருக்க. மனசு சோர்ந்து இருக்கறவங்க தன் ஞாபகத்துக்கு தானே போடுற மார்க்கு, டெஸ்ட் வச்சுப் பாத்தா வர்ற மார்க்க விட கம்மியாத் தான் இருக்கும், அதனால உன் தீர்ப்ப நீயே எழுதாத. ஒரு பத்தி படி, புத்தகத்த மூடு, என்ன படிச்சேன்னு பஸ் ஜன்னல பாத்து சொல்லு, வரலன்னா திற. இருபது நிமிசத்துக்கு மேல ஒரே மூச்சா உக்காராத. சளிக்கு போடுற மாத்திரைல சிலது மந்தமாக்கும், மழை நேரத்துல தினமும் அத முழுங்கறியான்னு பாரு. ஹாஸ்டல் பொண்ணுங்க மாதிரி ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் போனோட கிடந்தா நான் மேல சொன்ன எதுவும் வேலைக்கு ஆகாது.

கேள்வி: என் தம்பி ஸ்வீடன்ல வேலை பாக்குறான். ரெண்டு வருசமா நவம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் போன்ல பேசினா வார்த்தை தேடுறான், உம்மா கேட்டத மறந்துடுறான், வேலைல தப்பு வருதுங்கறான். அங்க எல்லாரும் விளக்கு வச்சிக்கிறாங்களாம், வாங்கலாமா? இருட்டுல இருந்தா எல்லாருக்கும் மூளை இப்படி ஆயிடுமா?
(கீழக்கரை லாத்தா ஒருவர்)

பதில்: ரெண்டாவது கேள்வி தான் அருமையான கேள்வி. நார்வேல ட்ரோம்சோன்னு ஒரு ஊரு, வடக்க 69 டிகிரிக்கும் மேல, குளிர்காலத்துல ரெண்டு மாசம் அங்க சூரியன் எந்திரிக்கறதே இல்ல. அந்த ஊரு ஜனங்களுக்கு ஞாபகம், கவனம், வேகம்னு கோடைல ஒரு தடவ குளிர்ல ஒரு தடவ டெஸ்ட் வச்சு 1999-ல எழுதினாங்க, பெரிசா வித்தியாசமே இல்ல, சில டெஸ்ட்ல குளிர்காலத்துல தான் நல்லா பண்ணியிருந்தாங்க! அப்ப இருட்டு மட்டும் மூளைய மழுக்கறதில்ல, இருட்டுல யாருக்கு மனச்சோர்வு புடிக்குதோ அவங்களுக்குத் தான் யோசனை தடுமாறுது. உங்க தம்பி அந்த ஆளுகள்ல ஒருத்தரா இருக்கலாம். கண்ணுக்கு உள்ள வெளிச்சத்த அளக்கறதுக்குன்னே தனி செல்லு இருக்கு, பாக்கறதுக்கு இல்ல, மூளைல இருக்குற கடிகாரத்துக்கு விடிஞ்சிருச்சுன்னு சொல்றதுக்கு. ஸ்டாக்ஹோம்ல டிசம்பர் மாசம் பகலே ஆறு மணி நேரம் தான், தம்பி வேலைக்கு போறப்பவும் இருட்டு வர்றப்பவும் இருட்டு, அந்தக் கடிகாரம் பாவம் என்ன பண்ணும்.

விளக்கு வாங்கலாம். 10,000 லக்ஸ், காலைல எந்திரிச்ச உடனே அரை மணி நேரம், நேரா முறைக்காம பக்கத்துல வச்சுக்கிட்டு நாஷ்டா சாப்பிடலாம். ஆனா கண்ணுல கோளாறு இருந்தாலோ, தலை கால் புரியாத உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வர்ற இருதுருவ நோய் அவனுக்கோ குடும்பத்துலயோ இருந்தாலோ டாக்டர கேக்காம தொடக் கூடாது, வெளிச்சமே அந்த உற்சாகத்த கிளப்பி விட்டுரும். இன்னொரு வழியும் இருக்கு, யோசிக்கிற விதத்த மாத்தப் பழக்குற பேச்சு சிகிச்சை. அமெரிக்காவுல கெல்லி ரோஹன்ங்கற அம்மாவும் அவங்க கூட இருந்தவங்களும் 177 பேர வச்சு 2016-ல எழுதினதுல, ரெண்டு குளிர்காலம் கழிச்சு பாத்தா விளக்கு வச்சவங்கள்ல 100-க்கு 46 பேருக்கு திரும்ப வந்திருக்கு, பேச்சு சிகிச்சை எடுத்தவங்கள்ல 27 பேருக்குத் தான். விளக்க வருசா வருசம் எடுத்து வைக்கணும், கத்துக்கிட்டது கூடவே இருக்கும்ல. அவன் போன்ல வார்த்தை தேடுறப்ப உம்மாவ குறுக்க எடுத்துக் குடுக்க வேண்டாம்னு சொல்லுங்க, தேடட்டும்.

கேள்வி: ஆத்தாவுக்கு இப்ப 70 வயசு. கார்த்திகை பொறந்தா பேச்ச கொறச்சிரும், பேரன் பேரு வராது, அடுப்ப பத்த வச்சிட்டு போயிரும். பொங்கலுக்கு அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா தெளியும். போன வருசம் மாசி வரைக்கும் இழுத்துருச்சு. ஆத்தா தனுஷ்கோடில பொறந்தது, புயலுக்கு அப்புறம் இங்க வந்தவங்க. அறளை பேந்துருச்சு, வயசாகி புத்தி தடுமாறிருச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க.
(தங்கச்சிமடம் வாசகர்)

பதில்: இந்தக் கடிதத்த நான் ரெண்டு நாள் வச்சிருந்தேன்.

1964 டிசம்பர் 22 ராத்திரி உங்க ஆத்தாவுக்கு ஒம்பது வயசு இருந்திருக்கும். ஊரே போச்சு, பாம்பன்ல இருந்து போன பாசஞ்சர் ரயில் அதுல இருந்த நூத்துக்கும் மேல ஆளுகளோட போச்சு. மார்கழி காத்து ஓலைல அடிக்கிற சத்தம் அவங்களுக்கு நமக்கு கேக்கற மாதிரியா கேக்கும்? பெரிய இழப்பு நடந்த மாசம் திரும்ப வர்றப்ப மனசு தானா சுருங்கறது ரொம்பப் பேருக்கு உண்டு, சமயத்துல ஏன்னு அவங்களுக்கே தெரியாது. வயசானவங்களுக்கு மனச்சோர்வு வந்தா அது அழுகையா வராம மறதியாவே வர்றதும் உண்டு, வெளிய இருந்து பாத்தா அறளை மாதிரியே இருக்கும். ஒரு வித்தியாசம் கவனிச்சுப் பாருங்க, மனச்சோர்வுல இருக்கறவங்க "எனக்கு தெரியல, ஞாபகம் வரல, விடு"ன்னு அலுத்துக்குவாங்க, மறதி நோய் உள்ளவங்க பெரும்பாலும் மறந்ததே தெரியாம எதையாவது சொல்லி சமாளிப்பாங்க. அப்புறம், மறதி நோய் பொங்கல் வந்தா திரும்பிப் போகாது.

அதுக்காக நிம்மதியா இருந்துராதீங்க. மாசி வரைக்கும் இழுத்துருச்சுன்னு எழுதியிருக்கீங்களே, அது எனக்குப் பிடிக்கல. வயசான காலத்து மனச்சோர்வு சில பேருக்கு மறதி நோயோட முன்னோட்டமாவும் வரும், ரெண்டும் சேர்ந்தும் இருக்கும். இப்பவே ஒரு தடவ, தெளிஞ்ச பிறகு பங்குனில இன்னொரு தடவ, ஞாபக டெஸ்ட் எடுத்து ரெண்டையும் ஒத்துப் பாக்க சொல்லுங்க. காது, கண்ணு, பி12, தைராய்டு, அவங்க சாப்பிடுற மாத்திரை எல்லாம் காட்டுங்க. அடுப்புக்கு பக்கத்துல தனியா விடாதீங்க, ஆனா வேலையே குடுக்காம மூலைல உக்கார வச்சிராதீங்க, கருவாடு காய வைக்கட்டும், பூ கட்டட்டும். அந்த ராத்திரிய பத்தி அவங்களா பேசினா "அதெல்லாம் எதுக்கு இப்ப"ன்னு அடைக்காம கேளுங்க. பேசலன்னா நோண்ட வேண்டாம்.

கேள்வி: மனசு சம்பந்தமான நோவுன்னா ஏர்வாடி தர்காவுக்கு கூட்டிப் போய் கட்டிப் போடுறது தானே நம்ம பக்கத்து வழக்கம்? அதனாலயே நான் யார் கிட்டயும் சொல்றதில்ல.

பதில்: 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி விடியக்காலைல ஏர்வாடில ஒரு கொட்டகை காப்பகம் தீப்புடிச்சு 28 பேரு செத்தாங்க, சங்கிலில கட்டியிருந்ததால ஓட முடியல. சுப்ரீம் கோர்ட் தானாவே அந்த வழக்க எடுத்துச்சு. 2017-ல வந்த மனநலச் சட்டப்படி யாரையும் எந்த விதத்துலயும் சங்கிலி போட்டுக் கட்டக் கூடாது, குற்றம். தர்காவுல துஆ கேக்குறத நான் தடுக்கல, எங்க வீட்லயே நேர்ந்துக்கிட்டு போயிருக்கோம், மாத்திரையும் போட்டுக்கிட்டு போங்க. மழை மாசத்துல கவனம் சிதறுதுன்னு டாக்டர் கிட்ட சொல்றவங்கள யாரும் கட்டிப் போட மாட்டாங்க, சீட்டு எழுதி, ரத்தம் எடுக்கச் சொல்லி, ரெண்டு வாரம் கழிச்சு வாங்கன்னு அனுப்புவாங்க. வெயிட்டிங்ல உக்காந்து தான் சலிச்சுப் போவீங்க.

கேள்வி: வல்லாரை சாப்பிட்டா ஞாபக சக்தி கூடுமா? வெயில்ல நின்னா வைட்டமின் டி வந்து மனச்சோர்வு போயிடுமாமே?

பதில்: வைட்டமின் டி தோல் மேல படுற வெயிலு, மனசுக்கு சொன்னேனே அந்தக் காலை வெளிச்சம் கண்ணு வழியா போறது, ரெண்டையும் குழப்பிக்காதீங்க. டி குறைவா இருந்தா எலும்புக்காக மாத்திரை போடுங்க, மழைக்கால சோர்வ அது போக்குதுன்னு நம்பிச் சொல்ற அளவுக்கு ஆதாரம் இல்ல. வல்லாரைக்கும் அதே கதை தான். ஆனா துவையல்னா எனக்கும் ஒரு கிண்ணம் அனுப்புங்க, புளி கொஞ்சம் தூக்கலா.